ஒன்பது வெள்ளிக்கால்

அருளப்பன்பட்டி மாதா கோயில் காணிக்கைப் பெட்டியில் ஒன்பது வெள்ளிக்கால்கள் கிடந்தன. ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நீளம். ஒன்பதும் வலது கால். ஒன்பதையும் போட்டது ஒரே ஆள், போட்டதும் ஒரே மனிதனுடைய ஒரே காலுக்காக. போட்டவர் அமிர்தராஜ். காலுக்குச் சொந்தக்காரன் அவருக்கு ஒன்றுவிட்ட அக்கா மகன், வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் இருதயம். இதில் வேடிக்கை என்னவென்றால், ஒன்பது வருஷத்தில் காலுக்குச் சொந்தக்காரனிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இருதயத்துக்கு ஐந்து வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. அவனைத் தோளில் போட்டுக்கொண்டு உத்தமபாளையத்து வைத்தியர் வீடுவரை ஓடியவர் இந்த அமிர்தராஜ்தான். போகும் வழியெல்லாம் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினாராம். பையன் தேறிவிட்டான், கால் தேறவில்லை. வலது கால் மட்டும் அன்றோடு வளர்வதை நிறுத்திக்கொண்டது போல மெலிந்து, முழங்காலில் வலு இல்லாமல் நின்றுவிட்டது. இடது கையில் வேங்கைக் கம்பு, வலது கை வலது தொடையில். தொடையை ஓர் அழுத்து அழுத்தி, அப்புறம் ஓர் எட்டு. இருபத்தெட்டு வருஷமாக அதுதான் அவன் நடை. அது அவனுக்குப் பழகிப்போய், மற்றவர்களுக்குத் தங்கள் நடை நினைவில் இல்லாதது போலவே அவனுக்கும் தன் நடை நினைவில் இருப்பதில்லை. ஊர்தான் நாளுக்கு நாலு தடவை நினைவுபடுத்தும். 

ஊர்க்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. அதுதான் தொல்லை. அவன் சும்மா உட்கார்ந்திருந்தால், "பாவம், முடியலை போல" என்பார்கள். சிரித்தால், "எம்புட்டு வேதனைய உள்ள வச்சுக்கிட்டுச் சிரிக்கிறான் பாரு" என்பார்கள். வெற்றிலைக்கு அழுகல் விழுந்து அவன் எரிச்சலோடு போனால், அன்றைக்குக் கால் வலியாம். தாய் போன பிறகு தானே சோறாக்கித் தின்கிறான் என்பதை அடுத்த ஊர்வரைக்கும் அதிசயமாகச் சொல்லிவந்தார்கள். சோறாக்கக் காலா வேண்டும்? விருந்து வீட்டில் அவனுக்குப் பரிமாற வருகிறவர்கள், "இவருக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்தலாமா?" என்று பக்கத்து இலைக்காரனிடம் கேட்பார்கள். ஒருமுறை சந்தைக்குப் போகும் வழியில் புளியமரத்தடியில் இலைக்கூடையோடு உட்கார்ந்திருந்தான். வெளியூர்க் கிழவி ஒருத்தி ஒரு கைப்பிடி கம்பந்தானியத்தை அவன் மடியில் போட்டுவிட்டுக் கும்பிட்டாள். இருதயம் அதை வாங்கிக்கொண்டு, அவள் கையில் பத்து வெற்றிலையைக் கொடுத்தனுப்பினான். இலையின் தரத்தைப் பார்த்து அவள் திகைத்து நின்றதை நினைத்து ஒரு வாரம் சிரித்தான்.

அவனுடைய இலை அப்படிப்பட்டது. ஊருக்குத் தெற்கே வாய்க்கால் ஓரமாக இருந்தது அவன் கொடிக்கால். அகத்தி மரங்கள் வரிசையாக நிற்க, அவற்றைப் பற்றி வெற்றிலைக் கொடிகள் ஏறியிருக்கும். உள்ளே போனால் சித்திரை வெயிலிலும் உடம்பு சில்லென்று ஆகும். கீழ்க்கொடியை நாரால் கட்டுவது, இலையைத் தரம் பிரிப்பது, நூறு நூறாக அடுக்கிக் கவுளி கட்டுவது எல்லாம் அவன் வேலை. பக்கத்துத் தேவாரம் ஊர் வியாபாரிகள் அவன் கட்டிய கவுளியைப் பிரித்துப் பார்க்காமலே வாங்குவார்கள். உயரத்தில் கிள்ளும் வேலைக்கு ஏணி வேண்டும். ஏணியில் ஏறிக் கிள்ளியவள் மதலேனாள், அமிர்தராஜின் ஒரே மகள். இருதயத்துக்கு முறைப்பெண்.

அவர்கள் இருவருக்கும் கல்யாணம் என்பது யாரும் எதிர்த்துப் பேசாத விஷயம். அமிர்தராஜே ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நாள் குறிக்க வந்தார். வரும் வழியில் கோயிலுக்குள் நுழைந்ததுதான் வினையாகிப் போனது. மாதா முன்னால் முழந்தாளிட்டவருக்கு அந்தக் காய்ச்சல் நாள் நினைவுக்கு வந்தது. "ஆத்தா, என் மருமகன் ரெண்டு காலையும் ஊனி நடந்து வந்து ஒன் சந்நிதியில நிக்கட்டும். அன்னிக்கு என் மகளை அவன் கையில புடிச்சுக் குடுக்கிறேன்" என்று நேர்ந்துவிட்டார். வெளியே வந்து ஊரைக் கூட்டி அதைச் சொல்லவும் செய்தார். ஊர் கண்ணைத் துடைத்துக்கொண்டது. இருதயம் கம்பை ஊன்றிக்கொண்டு அங்கேயே நின்றான். அவன் முகம் போன போக்கைப் பார்த்தவர்கள் ஆனந்தத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்துக்கொண்டார்கள்.

அதன் பிறகு ஒவ்வொரு ஆவணித் திருநாளுக்கும் ஒரு வெள்ளிக்கால். ஒவ்வொரு திருநாள் முடிந்த மறுநாளும் மாமா அவன் வீட்டுக்கு வந்து காலைப் பிடித்துப் பார்ப்பார். "போன வருசத்துக்குக் கொஞ்சம் சதை புடிச்சாப்புல இருக்கே" என்பார். இல்லை என்று சொல்ல இருதயத்துக்கு வாய் வராது. சொன்னால் மாதாவை நம்பாதவன் என்று ஆகிவிடும். கால் வேண்டாம், பெண்ணைக் கொடுங்கள் என்று கேட்டாலோ, அது இன்னும் மோசம். வரம் தரக் காத்திருக்கும் தாயிடம் முகத்துக்கு நேரே போதும் என்று சொல்வதற்குச் சமம். இப்படியாக அவனுக்கு முப்பத்து மூன்று வயதானது, மதலேனாளுக்கு இருபத்தைந்து. ஊர்ப் பெண்கள் அவளைப் பார்த்து, "புண்ணியவதி, தவம் இருக்கா" என்றார்கள்.

"நான் என்ன தவமா இருக்கேன்?" என்று ஏணி உச்சியிலிருந்து ஒரு நாள் கேட்டாள் மதலேனாள். "எங்கய்யா நேந்துக்கிட்டதுக்கு நான் ஏணியிலயே கிழவியாகணுமா மச்சான்?"

"இறங்கி வா. கிழவியா விழுந்தா என்னால தூக்க முடியாது" என்றான் இருதயம்.

அவள் ஓர் அழுகல் இலையைச் சுருட்டி அவன் தலையில் எறிந்தாள்.

பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்துகொண்டு இந்தப் பக்கம் வந்த மறுவருஷம் அது. வாய்க்காலில் கோடையிலும் தண்ணீர் ஓடுவதைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாக ஜனங்கள் கரையில் வந்து நின்றார்கள். ஆவணி பிறந்ததும் அமிர்தராஜ் கொடிக்காலுக்கு வந்தார். முகத்தில் ஒரு வெளிச்சம். இருதயம் பாத்தியில் உட்கார்ந்து கொடி கட்டிக்கொண்டிருந்தான்.

"ஏலே இருதயம், இந்தத் தண்ணியப் பாத்தியா? மேக்க மலையாளத்துக்குப் போய்க்கிட்டிருந்த ஆறு. அதையே மனுசன் இங்கன திருப்பிட்டான். மாதாவுக்கு ஒன் காலைத் திருப்ப எம்புட்டு நேரம்? இந்த வருசம் நிச்சயம்டா."

"ஆறு நமக்கு வேண்டியிருந்துச்சு மாமா, திருப்புனாக" என்றான் இருதயம், நாரை முடிச்சுப் போட்டபடியே.

மாமா அதைக் காதில் வாங்கவில்லை. பத்தாவது காலுக்கு வெள்ளி சொல்லிவிட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே இருந்த இருதயத்துக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது. அவர் சாகும்வரை காத்திருப்பார். சந்தோஷமாகவே காத்திருப்பார். காலும் வராது, கல்யாணமும் வராது. அவனுக்குக் காலைப் பற்றி ஒரு குறையும் இல்லை. ஆனால் அவள் தன் வீட்டில் இல்லாதது குறைதான். சாயங்காலம் அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு அவள் வீட்டுப் பக்கம் திரும்பும்போதெல்லாம் அவனுக்கு நெஞ்சு கனத்தது. அதை மட்டும் ஊரில் ஒருத்தரும் கவனிக்கவில்லை. எல்லார் கண்ணும் காலிலேயே இருந்தது.

அப்போதுதான் அவனுக்கு அந்த வெள்ளி மாடு நினைவுக்கு வந்தது.

அந்தக் கோயிலில் காணிக்கை இரண்டு வகை. வரம் கேட்டுப் போடுவது பெட்டியில் விழும். அதற்குச் சத்தம் கிடையாது. வரம் கிடைத்ததற்கு நன்றியாகப் போடுவது திருநாளன்று பூசை முடிந்தபின், பீடத்துக்கு முன்னால் உள்ள தட்டில் விழும். கோயில் காரியம் பார்க்கும் உபதேசியார் ஞானதுரை ஊர் கேட்க, இன்னார், இன்ன வரத்துக்கு என்று உரக்கச் சொல்வார். சொல்லிவிட்டால் அந்த வரம் மாதா கொடுத்ததாகவே ஊர்க் கணக்கு. சில வருஷத்துக்கு முன் ஒருவன் மாடு பிழைத்துவிட்டதென்று தட்டில் வெள்ளி மாட்டைப் போட்டான். மறுவாரம் மாடு செத்தது. அவன் காணிக்கையைத் திருப்பிக் கேட்டு வந்து நின்றான். "மாதா பிழைக்க வச்சாக. நீதான் சாகவிட்டே" என்று சொல்லி ஊர் அவனை விரட்டிவிட்டது.

இருதயம் மறுநாள் கொடிக்காலில் மதலேனாளிடம் தன் யோசனையைச் சொன்னான். கல்யாணம் கூடிவந்தவர்கள் ஆணும் பெண்ணுமாக ஒரு ஜோடிப் பொம்மை போடுவது வழக்கம். அதை அவன் திருநாளன்று தட்டில் போடப்போகிறான். அப்புறம் கல்யாணமும் மாதா கொடுத்த வரமாகிவிடும். அவள் கிள்ளுவதை நிறுத்திவிட்டாள்.

"எங்கய்யா ஊருக்கு முன்னால தலை குனியணுமே மச்சான்."

"குனிய வைக்கணும்னு இல்ல. வேற வழி இருந்தாச் சொல்லு."

அவளிடம் வழி இல்லை. சம்மதமும் சொல்லவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு அன்றைக்குச் சீக்கிரமே போய்விட்டாள்.

இருந்தாலும் அந்த வாரமே ஒச்சாண்டியின் வண்டியில் ஏறித் தேவாரத்துக்குப் போய், நல்லகண்ணு ஆசாரியிடம் தன்னைப் போல ஓர் ஆண் பொம்மை செய்யச் சொன்னான். ஒற்றைப் பொம்மை. ஜோடி எங்கே என்று ஆசாரி கேட்டார். "அவ காணிக்கைய அவதான் போடணும்" என்றான். ஆசாரி நல்ல வேலைக்காரர். நாலாம் நாள் போனபோது பொம்மை பளபளவென்று இருந்தது. மீசை, கையில் கம்பு எல்லாம் இருந்தது. கால் இரண்டும் தூண் போல நேராக இருந்தன.

"ஆசாரியாரே, வலது கால வளைச்சு, கொஞ்சம் மெலிசாக்கிக் குடுங்க."

"என்னப்பா இருதயம்? சாமிக்குச் செய்யிறதுல ஊனம் வைக்கலாமா? நல்லாருக்கட்டும்னுதான் நேரா வச்சேன்."

"இது சாமி இல்ல ஆசாரியாரே, நான். நேராக் குடுத்தா மாதாவுக்கு இது யாருன்னே தெரியாது."

ஆசாரி அவனையும் பொம்மையையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் இடுக்கியை எடுத்தார். வேலை முடிந்து கையில் வைத்துப் பார்த்தபோது இருதயத்துக்குத் தன்னை அறியாமல் சிரிப்பு வந்தது. தொடையில் கை வைத்து நிற்கும் அந்த நிற்பு அச்சாக அவனேதான். வேற்று மதத்து ஆளான அந்த ஆசாரியால் மட்டும் அன்றைக்கு அவனைச் சரியாகப் பார்க்க முடிந்தது.

திருநாளன்று கோயில் நிரம்பி வழிந்தது. பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் ஜனங்கள் வந்திருந்தார்கள். பூசை முடிந்தது. பூசை வைக்க வந்திருந்த சாமியார் உள்ளே போனார். உபதேசியார் தட்டை எடுத்து வைத்தார். அமிர்தராஜ் பத்தாவது காலை மஞ்சள் துணியில் முடிந்து கையில் வைத்துக்கொண்டு பெட்டிப் பக்கம் போகத் தயாராக நின்றார். பிள்ளை வரம், கண் வரம், கேணியில் ஊற்று வரம் என்று காணிக்கைகள் விழுந்துகொண்டிருந்தன. இருதயம் எழுந்தான். தொடையை அழுத்தி ஓர் எட்டு, அப்புறம் ஓர் எட்டு. கூட்டம் வழிவிட்டது. நன்றித் தட்டை நோக்கி அவன் போகிறான் என்று தெரிந்ததும் சலசலப்பு அடங்கிவிட்டது. நாலைந்து பேர் எட்டி அவன் காலைப் பார்த்தார்கள். மாமாவும் பார்த்தார். கால் நேற்றுப் போலவேதான் இருந்தது.

பொம்மை தட்டில் விழுந்தது. உபதேசியார் எடுத்துப் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில், "என்ன வரத்துக்கு இருதயம்?" என்று கேட்டார்.

"கல்யாண வரத்துக்கு. உரக்கச் சொல்லுங்க உபதேசியாரே."

அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். அமிர்தராஜ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"ஏலே, என்னடா இது? இன்னும் கொணமாகலையே. அதுக்குள்ள நன்றி எதுக்கு? கால் வரலையேடா!"

"கால் நான் கேக்கவே இல்ல மாமா. நீங்கதான் கேட்டீக." இருதயம் விடவில்லை. "இருபத்தெட்டு வருசமா இந்தக் காலோடதான் இருக்கேன். இதோடதான் கொடிக்கால் வச்சேன். இதோடதான் சிரிக்கிறேன். எனக்கு இதுல ஒரு கொறையும் இல்ல. ஒங்க மக என் வீட்ல இல்லாததுதான் கொறை. ஒரே ஒரு தடவ என்கிட்டக் கேட்டிருந்தீகன்னா ஒன்பது வெள்ளிக்கால் மிச்சமாகியிருக்கும்."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அமிர்தராஜ் சிரிக்கவில்லை. அவர் முகம் சுருங்கிப்போனது. "ஒன்னையத் தோள்ல போட்டு ஓடுனேன்டா" என்றார். "இன்னும் கொஞ்சம் வெரசா ஓடியிருந்தா..."

ஒன்பது காலும் எங்கிருந்து வந்தன என்று இருதயத்துக்கு அப்போதுதான் விளங்கியது. தன்னை ஊர் தப்பாகப் புரிந்துகொண்டதென்று இத்தனை காலம் நினைத்திருந்தானே, அவனும் இந்த மனுஷரைப் புரிந்துகொள்ளவில்லை. "நீங்க ஓடுனதாலதான் மாமா நான் இங்கன நிக்கிறேன். மாதா அன்னிக்கே வரம் குடுத்துட்டாக" என்றான்.

உபதேசியார் தட்டைப் பார்த்தார். ஒற்றைப் பொம்மை சாய்ந்து கிடந்தது. "ஜோடி இல்லாம இது கல்யாணக் காணிக்கை ஆகாதேப்பா" என்றார் மெதுவாக. அது இருதயத்தின் கையில் இல்லை. பெண்கள் பக்கம் திரும்பிப் பார்க்கவும் அவனுக்குத் தைரியம் வரவில்லை.

கொலுசுச் சத்தம் கேட்டது. மதலேனாள் வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, வெள்ளிப் பெண்பொம்மை ஒன்றை எடுத்துச் சாய்ந்து கிடந்த பொம்மைக்குப் பக்கத்தில் வைத்தாள். இருதயம் தேவாரம் போய்வந்த இரண்டாம் நாளே அவளும் ஒச்சாண்டி வண்டியில் போய்வந்திருக்கிறாள். பொம்மையின் இடுப்பில் கூடை இருந்தது. "மதலேனாள். கல்யாண வரத்துக்கு" என்று தானே சொன்னாள். பிறகு தகப்பனாரைப் பார்த்து, "கோவிச்சுக்காதீக ஐயா. மாதா குடுத்தாச்சு. இனி நீங்கதான் குடுக்கணும்" என்றாள்.

கூட்டத்தில் ஒரு குரல், "ஆமா, மாதா பிழைக்க வச்சதை யாரும் சாகவிட்டுறாதீகப்பா" என்றது. இந்தத் தடவை எல்லாரும் சிரித்தார்கள். உபதேசியார் தொண்டையைச் செருமிக்கொண்டு, கேட்ட வரத்தைவிடக் கொடுத்த வரம் பெரிது, தட்டில் விழுந்தது விழுந்ததுதான் என்று தீர்ப்பாகச் சொல்லிவிட்டார். சாமியாரிடம் நேர்ச்சையை மாற்றிக்கொள்வதற்கு அனுமதி தானே கேட்டு வாங்கித் தருவதாகவும் சொன்னார். அமிர்தராஜ் தட்டருகே குனிந்து, வளைந்த காலோடு கிடந்த அந்தச் சின்னப் பொம்மையை எடுத்து உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். "அப்படியே இருக்கானே" என்றார். பத்தாவது காலைப் பெட்டியில் போடாமல் மடியில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அதை உருக்கித்தான் மகளுக்குக் கால்விரல் மிஞ்சி செய்துபோட்டார். மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண ஓலை வாசித்து, ஐப்பசியில் கல்யாணம். அன்றைக்கென்று விடியலிலிருந்தே மழை. தெரு முழுக்கச் சேறு. கொட்டோடு மாப்பிள்ளையைக் கோயிலுக்கு அழைத்துவந்தபோது, ஈரப் பாத்தியிலேயே வாழ்ந்த இருதயம் கம்பு ஊன்றுமிடம் பார்த்து நிதானமாக நடந்தான். மாப்பிள்ளைத்தோழன் இரண்டு தடவை வழுக்கி விழுந்து வேட்டி முழுக்கச் சேறாக வந்தான். அவனைத் தூக்கிவிட ஆளில்லை. எல்லாரும் இருதயத்தைப் பிடிக்கத்தான் ஓடிவந்தார்கள். ஒருவர் முழங்கையைப் பிடித்தார், ஒருவர் இடுப்பை அணைத்தார், ஒருவர் தூக்கிக்கொண்டே போய்விடலாம் என்றார்.

அமிர்தராஜ் குடையை மடக்கி ஓங்கினார்.

"விடுங்கப்பா அவன! என் மருமகனுக்கு நடக்கத் தெரியும்."

கைகள் விலகின. இருதயம் தொடையில் கையை ஊன்றி அடுத்த எட்டை வைத்தான். மாமா குடையை விரித்து அவன் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு, தன் நடையை அவன் நடைக்குக் குறைத்துக் கூடவே வந்தார்.